தாப்பாவிலும் பனி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வருஷத்துக்கு வருஷம் பனி கூடிக்கொண்டே போகிறது என்று சொல்லித் திரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன்தான். காலையில் கதவைத் திறந்ததும், "பாரு அம்சு, எதிர் லயமே தெரியல. நம்ம வந்த புதுசுல இப்பிடியா இருந்துச்சு?" என்பார். எதிர் லயத்து வீட்டு வாசலில் நவமணி உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருப்பது எனக்குப் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு கருவாட்டின் தலையும் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அவர் பட்டாளத்தில் லோரி ஓட்டியவர். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் காட்டுப் பாதையில் ஓட்டினார். பிறகு காங்கோவுக்குப் போன படையோடு கப்பல் ஏறிப்போய் அங்கேயும் ஓட்டினார். திரும்பி வந்ததும் தோட்டத்தில் கொழுந்து லோரியைக் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தான் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் லோரியைக் குளிப்பாட்டாமல் விடமாட்டார். அந்த மனிதரிடம் போய் உங்கள் கண் கெட்டுவிட்டது என்று சொல்வதும், லோரியை விட்டு இறங்குங்கள் என்று சொல்வதும் ஒன்றுதான். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அதனால் நான் வேறு வழி பார்த்தேன். கங்காணியை நச்சரித்து, கொழுந்து எடுக்கிற வேலையை விட்டு, லோரியில் மூட்டை எண்ணி இறக்கும் வேலையை வாங்கினேன். முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசுவேன். காட்டிலிருந்து ஃபேக்டரி வரைக்கும் செம்மண் பாதை. ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கத்தைப் பற்றி நான் அவரிடம் பேசியதே இல்லை.

"அதோ, முனியாண்டிக்கு யாரோ மஞ்ச மாலை போட்டிருக்காங்க" என்பேன். அவர் வண்டியை இடது பக்கம் ஒடிப்பார். "பாலத்துக் கம்பியில ஊதா சேலை காயுது. யாருதா இருக்கும்?" என்பேன். அவர் கால் பிரேக்குக்குப் போகும். ஒரு நாள் மஞ்சள் மாலை, மறுநாள் வெள்ளை. ஒரு நாள் ஊதாச் சேலை, மறுநாள் பூப்போட்டது. நான் எதற்குப் பேசுகிறேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வண்டி நடந்து போகிறவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். "புருஷன் பக்கத்திலயே ஒட்டிக்கிட்டு என்னடி அப்பிடி ஒரு பேச்சு?" என்று நவமணி கிண்டல் செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்போம். எழுபத்தாறில் புதுத் துரை வந்தார். லோரி ஓட்டுகிற எல்லோரும் கண் டாக்டரிடம் சீட்டு வாங்கி வரவேண்டும், அடுத்த மாசக் கடைசிக்குள் சீட்டு இல்லாவிட்டால் லோரி கைமாறும் என்று கணக்கு எழுதுகிற கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். கைமாறினால் யாருக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வீரப்பன் என்ற இளவட்டம் அன்று சாயங்காலமே வந்து லோரியைச் சுற்றிப் பார்த்து, டயரைக் காலால் உதைத்துவிட்டுப் போனான். அந்தக் காலை ஒடித்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

"எனக்கென்ன கண்ணுக்கு? இது பனிலா! பனிக்கு டாக்டர் சீட்டு குடுப்பானா?" என்றார் இவர்.

"குடுக்கிறாரோ இல்லியோ, போய்ப் பார்ப்போம் வாங்க" என்று தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குத் தனி டாக்டர் இங்கே இல்லை, கீழே போகவேண்டும் என்றாள் நர்ஸ். இவர் நின்ற விறைப்பைப் பார்த்துவிட்டு, பட்டாளத்தில் இருந்தவரா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. பழைய பட்டாளத்துக்காரர்களுக்கென்றே இந்த மாசம் கீழே தாப்பாவுக்கு ராணுவக் கண் டாக்டர் வருகிறார், பட்டாளத்து அட்டையைக் கொண்டுபோனால் சோதனையும் கண்ணாடியும் இலவசம் என்றாள். எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும்போல் இருந்தது.

வெளியே வந்ததும் இவர் முரண்டு பிடித்தார். "அதெல்லாம் குண்டு பட்டவங்களுக்குலா. நான் ஸ்டேரிங் புடிச்சவன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போய் நிக்கிறது?"

"இதே மூஞ்சிய வச்சிக்கிட்டுதான். வேற மூஞ்சிக்கு எங்க போறது?" என்றேன். அட்டை, பெட்டிக்கு அடியில் பழைய பூட்சுக்குள் கிடந்தது.

தாப்பாவுக்குப் போகிற நாளில் நான் கல்யாணத்துக்குப் போகிறவள்போலப் பட்டுச்சேலை கட்டினேன். பஸ் ரிங்லெட்டைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்க இறங்கக் குளிர் விட்டது. இவர் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தாப்பாவில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. எதிரே கடை வரிசை. ஐஸ் விற்கிறவனைச் சுற்றிக் கூட்டம். இவர் கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கமே பார்த்தார். 

"அட கடவுளே! அம்சு, இங்கயும் பனி எறங்கிடுச்சே!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். அவர் என்னைப் பார்த்தார். வேர்வையில் ஊறிப்போன தன் சட்டைக் கையைப் பார்த்தார். மறுபடியும் அந்தக் கடை வரிசையைப் பார்த்தார். என் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்ப இது பனி இல்லியா?" என்றார் மெதுவாக.

"இல்லீங்க."

"நம்ம மலை மேலயும்?"

"அங்க பாதி நாளு நெசப் பனிதான். மீதி நாளு இதுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "டாக்டர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். 

ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் சோதனை நடந்தது. மலாய்க்காரர், சீனர், சர்தார்ஜி, தமிழர் என்று நரைத்த தலைகளாக உட்கார்ந்திருந்தார்கள். பேர் கூப்பிட்டதும் அத்தனை வயசிலும் விருட்டென்று எழுந்து நிமிர்ந்து நடந்தார்கள். ஒருவர் நேராகத் தூணைப் பார்த்து சல்யூட் அடித்தார், பாவம். முன்னால் பட்டாளத்து உடுப்போடு உட்கார்ந்திருந்த மலாய் சார்ஜன் இவரிடம் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, காயம் எங்கே பட்டது என்று கேட்டார். இவருக்கு முகம் செத்துப்போயிற்று. காயம் ஒன்றும் இல்லை, லோரிதான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டு அட்டைக்குக் கையை நீட்டினார். திரும்பிப் போய்விடுவார் என்று நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். சார்ஜன் அட்டையைக் கொடுக்கவில்லை. "அந்தக் கண்ணும் உங்ககூடப் பட்டாளத்துக்குப் போய்ட்டுத்தானே வந்துச்சு, அண்ணே?" என்று மலாயில் சொல்லிவிட்டு நாற்காலியைக் காட்டினார். அந்த சார்ஜன் இன்றைக்கும் நல்லா இருக்கவேண்டும்.

எழுத்து அட்டையில் மேலே உள்ள பெரிய எழுத்தை மட்டும் சொன்னார். அதற்குக் கீழே பனி. டாக்டர் வட்டமான ஒரு இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு கண்ணாடிச் சில்லாகப் போட்டுப் போட்டு எடுத்தார். இவரும் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று பேச்சு நின்றது. அட்டையைப் படிக்காமல் தலையைத் திருப்பி, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"புள்ள, ஒன் மூக்குத்திக் கல்லு எப்ப செவப்பாச்சு?"

"கல்யாணத்தன்னிக்கே செவப்புதான்" என்றேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அதற்குள் அவர் நாற்காலியில் இல்லை. அந்த இரும்புச் சட்டத்தோடு மண்டபத்தைவிட்டு ஓடினார்! "அம்சு, வா வா! பூனை! அந்தக் கூர மேல பூனை படுத்திருக்கு! காது ரெண்டும் தெரியுது!" என்று வாசலில் நின்று கத்தினார். ரோட்டில் போன ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் ஏலம் போடுகிறவர்போலச் சத்தமாகப் படித்தார். "பாங், பாங், செர்மின் மாத்தா!" என்று மலாயில் கத்திக்கொண்டு சார்ஜன் டாக்டருடைய கண்ணாடியைப் பிடுங்க ஓடி வந்தார். உட்கார்ந்திருந்த கிழவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். சட்டத்தைக் கழற்றியதும் இவர் முகம் பொம்மையைப் பிடுங்கிய பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது. கண்ணில் நோய் இல்லை, தூரத்துப் பார்வைதான் போயிருக்கிறது, கண்ணாடி போட்டால் தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். கண்ணாடி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும் என்றார்கள்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களை எப்படித் தள்ளினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். தானா ராத்தாவிலிருந்து யார் வந்தாலும், "ஆஸ்பத்திரிக்கு ஏதாச்சும் பார்சல் வந்திச்சாலா?" என்று கேட்பார். துரை வைத்த கெடு முடிய நாலைந்து நாள் இருக்கும்போது வந்தது. கறுப்புச் சட்டம், தடித்த கண்ணாடி. மாட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம் கடைப் பலகை, மைல் கல், சினிமா நோட்டீஸ் ஒன்றையும் விடவில்லை. எதிர் லயத்தைப் பார்த்ததும், "நவமணி! ஒனக்கு எப்ப இவ்வளவு நரைச்சிச்சு?" என்று கேட்டுத் திட்டு வாங்கினார். துரை சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், லோரி உனக்குத்தான் என்று கையைக் குலுக்கினார். வீரப்பன் அந்தப் பக்கமே வரவில்லை. நான் அன்று பாயசம் வைத்தேன்.

அன்று சாயங்காலமே கங்காணியிடம் போய், நாளையிலிருந்து கொழுந்துக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். லோரியில் இனி எனக்கு என்ன வேலை? ஜெயித்துவிட்டோம் என்று பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் முன் சீட்டை விட மனசில்லை. அவரிடம் சொன்னபோது, "அப்பிடியா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பொட்டுப் பனி இல்லை. வெயில் பளீரென்று அடித்தது. கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் கை கொழுந்தில் இருந்தது, காது லோரியில் இருந்தது. முதல் நடை கிளம்பி வருகிற சத்தம் கேட்டது. முனியாண்டி வளைவுக்கு வந்ததும் சத்தம் பொட்டென்று நின்றுவிட்டது. மறுபடி எழவில்லை.

"என்னடி, ஒங்க பட்டாளம் அங்கயே நின்னுபோச்சு?" என்றாள் நவமணி.

கூடையைக்கூட இறக்காமல் ஓடினேன். தேயிலைச் செடி காலைக் கிழித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், லோரி பாதை நடுவில் நேராக நிற்கிறது. ஒரு கீறல் இல்லை. இவர் ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக்குக் கீழே வேர்வை ஓடுகிறது.

"அம்சு, இந்தப் பள்ளம் எப்ப வந்திச்சு?"

நான் எட்டிப் பார்த்தேன். பாதை ஓரத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, அடியில் ஆறு நூலாக ஓடியது. "அது எப்பவும் இருக்கிறதுதான்" என்றேன்.

"இது ஓரமாவா நான் ஓட்டினேன், இத்தன காலமும்?"

"ஆமா."

"நீ பக்கத்திலயே குந்திக்கிட்டு வந்தியே. ஒனக்குப் பயமா இல்லியா?"

"செத்தா ரெண்டு பேருமா சாவோம்னுதான்." எனக்குக் கோபம்கூட வந்தது. "பின்ன ஒங்கள தனியாவா அனுப்புவேன்?"

அவர் ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு வளைவைக் கையால் காட்டினார்.

"மாலைன்னா பீச்சாங்கைப் பக்கம் ஒடிக்கணும், சேலைன்னா பிரேக்குல கால் வைக்கணும். எனக்குத் தெரியும்லா. ஆனா முனியாண்டியப் பார்த்தியா? வெறும் கல்லு. பாசி புடிச்சிக் கெடக்கு. மாலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாலத்துல கம்பிதான் இருக்கு, துருப்புடிச்சி. எந்த மடச்சி அங்க போய் சேலை காயப்போடுவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கல்லுக்கு ஒருநாளும் யாரும் மாலை போட்டதில்லை. பாலத்தில் ஒருநாளும் எந்தச் சேலையும் காய்ந்ததில்லை.

"இந்த ரோடு நல்லாத்தான் தெரியுது" என்றார். "ஆனா நீ சொன்ன ரோடு இதவிட நல்லா இருந்திச்சு." எக்கி, மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறு."

"கங்காணிகிட்ட சொல்லியாச்சுங்க. மூட்டைய வேற யாராச்சும் எண்ணிக்குவாங்க."

"மூட்டை எப்பிடியோ போவட்டும். ஏறுலா!"

கூடையை மூட்டைகளோடு வீசிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பினார்.  எத்தனை வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா?

"அதோ, முனியாண்டிக்கு இன்னிக்குச் செவப்பு மாலை போட்டிருக்காங்க" என்றேன்.

அவர் புதுக் கண்ணாடி வழியாக அந்தப் பாசி பிடித்த கல்லை நன்றாகப் பார்த்தார். வண்டியை இடது பக்கம் ஒடித்தார்.

"ஆமாலா," என்றார். "நல்ல செவப்பு."