மைதானச் சாவி

எங்க பள்ளி மைதானத்துக்குப் பூட்டு விழக் காரணம் என் தம்பி. அவன் உதைச்ச பந்து ஆய்வகத்து ஜன்னல் கண்ணாடியைப் பதம் பார்த்துடுச்சு. அன்னையிலேருந்து மதிய இடைவேளையில ஒரு ஈ காக்கா வெளிய போகக்கூடாது. மொத்தப் பள்ளியும் அவனைக் கரிச்சுக் கொட்டுது. பயல் சாப்பாட்டு டப்பாவோட மாடிப்படிக்கு அடியில தனியா உட்கார்ந்திருக்கான். எனக்கு வயிறு எரியாதா? அவனைத் திட்டறதுன்னா நான் திட்டிக்கறேன், நீங்க யாரு! மாணவர் மன்றத் தலைவி நான். மன்றத்துல விளையாட்டுப் பொறுப்பே அவன்கிட்டதான்.

நல்ல வேளையா மன்றத்துக்கு ரெண்டு நாள் தலைமைப் பயிற்சி வந்துச்சு. கடைசியில தலைமையாசிரியர் வந்து மைதானத்தைப் பத்தி எங்க தரப்பைக் கேட்பாராம். நியாயமா இருந்தா பூட்டைத் திறப்பாராம். எனக்குக் கால் தரையில பாவல!

பயிற்சி கொடுக்க வந்தவங்க முதல் நாளே சொன்னாங்க: "எல்லாத்தையும் நானே செய்வேன்னு நிக்காதீங்க. வேலையைப் பிரிச்சுக் கொடுங்க." சொல்லிட்டு நேரா என்னைத்தான் பார்த்தாங்க. சுருக்குன்னுச்சு. திருந்தித்தான் காட்டுவோமேன்னு, மைதானத்துக்காகப் பேசற வேலையைச் செயலாளர் தலையில கட்டினேன். என்னா பெருந்தன்மை எனக்கு!

மறுநாள் சாயங்காலம் தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்தார். "யார் பேசப் போறீங்க?"

நான் செயலாளரைப் பார்த்தேன். அவ பொருளாளரைப் பார்த்தா. "உன்கிட்ட பிரிச்சுக் கொடுத்தேனே!"

"நான் இவன்கிட்ட கொடுத்துட்டேனே!" பொருளாளர் என் தம்பியைக் காட்டினான்.

தம்பி என்னைப் பார்த்து முழிச்சான். "காலையிலேயே சொன்னேனேக்கா, நீயே பேசிடுன்னு. நீயும் தலையாட்டினியே!"

சொன்னான்தான், பாவி. வாய் நிறையப் பல்பசை நுரையோட எதுக்குன்னே தெரியாம ஆட்டி வெச்சேன்.

தலைமையாசிரியர் எழுந்துட்டார். "பேசறதுக்கே ஆளில்ல. பந்து ஜன்னல் பக்கம் போகாம யார் பார்த்துக்கறது?"

போச்சு, எல்லாம் போச்சு! "நான் சார்!" தொண்டை கிழியக் கத்தினேன். "தினமும் அங்க நானே நிக்கறேன்!"

"நீ வேணாம்க்கா." தம்பி எழுந்தான். "உடைச்சது நான். நான் நிக்கறேன் சார். இனிமே நான் ஆடல. மத்தவங்க ஆடட்டும்."

பந்துன்னா உயிரை விடற பயல்! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"அதெப்படி? முறை வெச்சு நிப்போம்டா!" பொருளாளர் எழுந்தான். செயலாளர் எழுந்தா. நாற்காலியெல்லாம் தடதடன்னு பின்னாடி போச்சு, மொத்த மன்றமும் நின்னுச்சு.

 தலைமையாசிரியர் சட்டைப் பையிலேருந்து சாவியை எடுத்தார். "சரி, இதை யார்கிட்ட கொடுக்கறது?"

அத்தனை கையும் நீண்டுச்சு. முதல்ல எட்டினது என் கைதான், பின்ன! வாங்கின கையோட தம்பி உள்ளங்கையில திணிச்சேன்.

"போடா, நீயே போய்த் திற!"

அந்த ரெண்டு நாள்ல நான் உருப்படியாப் பிரிச்சுக் கொடுத்த வேலை அது ஒண்ணுதான்.