சோற்றுக்கு முந்திய ஜெபம்

சூரமங்கலம் எபினேசருக்கு ஜெபத்தைச் சுருக்கத் தெரியாது. அது அவருக்கே தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில், ரயிலில் பையைப் பறிகொடுத்த ஒரிசாக்காரன் ஒருவன் பஸ் நிறுத்தத்தில் பசியோடு சுருண்டு கிடந்தான். இவனைத் தாண்டிப் போனால் நான் என்ன விசுவாசி என்று, எபினேசர் அவனை ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்தார். தன் இரக்கத்தை நினைத்து வழியெல்லாம் அவருக்கே புல்லரித்தது.

சட்டியில் கோழிக்குழம்பு மணத்தது. எபினேசர் கண்களை மூடினார். விருந்தாளிக்காக, அவன் ஊருக்காக, ரயில்வேக்காக, பையைத் திருடியவன் மனந்திரும்புவதற்காக என்று ஜெபம் நீண்டது. "ஆண்டவரே, பசித்திருக்கும் இந்தச் சகோதரனைப் போஷியும்!" என்று தழுதழுத்தார்.

"போஷிச்சாச்சுங்க, ஆமென் சொல்லுங்க," என்றாள் மனைவி சலோமி.

கண் திறந்தார். விருந்தாளி கை கழுவிக்கொண்டிருந்தான். சட்டியில் எலும்புகூட இல்லை.

"பாவம், நல்ல பசி. நீங்க ஜெபத்துல ஊர் ஊரா சுத்திட்டு வாரதுக்குள்ள உங்க பங்கும் போயிருச்சுங்க."

மாதந்தோறும் சபையில் உபவாச ஜெபம் அறிவித்துவிட்டு ஒளிந்து போண்டா தின்கிற எபினேசர், அன்றுதான் காலி வயிற்றோடு மனமுருகி ஜெபித்தார்: "ஆண்டவரே, ஓட்டல் திறந்திருக்கணும்."

அவர் வாழ்நாளிலேயே சுருக்கமான ஜெபம் அதுதான்.