தீமிதிக்கு எந்த கேமரா

தாயம்மாவின் வேண்டுதல் மூன்று வருடம். மகள் லோகேஸ்வரி டெங்கி காய்ச்சலில் பன்னிரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, மூன்று வருடம் தீ மிதிக்கிறேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். மகள் எழுந்துவிட்டாள். தாயம்மாவும் இரண்டு வருடம் மிதித்துவிட்டாள். அம்மனுக்கும் அவளுக்கும் இடையில் தகராறு ஒன்றுமில்லை. தகராறு படத்தில்தான்.

முதல் வருடம் லோகேஸ்வரி கைப்பேசியில் எடுத்த படத்தில் கோயில் தலைவர் ராமகிருஷ்ணனின் முதுகு இருந்தது. முதுகைச் சுற்றிலும் கொஞ்சம் புகை. இரண்டாம் வருடம் அவள் பின்னால் தள்ளி நின்று, விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுத்தாள். அதில் மஞ்சளாக எதுவோ மிதந்தது. தாயம்மா அந்தப் படத்தை ஒரு வாரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நானா, வேப்பிலக் கட்டாடி?"

இந்த வருடத்தோடு வேண்டுதல் முடிகிறது. தாயம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரே ஒரு படம். மூஞ்சி தெரியணும். நான் செத்தா மாட்டறதுக்கு ஐ.சி. அட்டையில இருக்கற படம் ஒண்ணுதான் இருக்கு. அதுல திருடி மாதிரி முழிச்சிக்கிட்டு இருக்கேன்."

லோகேஸ்வரிக்கு செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனை வேலை. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்கு அடியில் சர்க்யூட் போர்டுகளைப் பார்த்து, நல்லதைக் கெட்டதிலிருந்து இரண்டு நொடியில் பிரித்துவிடுவாள். கேமராவையும் அப்படிப் பிரித்துவிடலாம் என்று நினைத்தது அவள் செய்த முதல் தவறு. அதற்காக ஆண்களிடம் யோசனை கேட்டது இரண்டாவது.

முதலில் சத்தியசீலனிடம் போனாள். லோபாக்கில் கல்யாணப் படம் எடுப்பவன், அவளுக்கு அண்ணன் முறை. பதினான்கு பைகள் வைத்த கையில்லாத மேல்சட்டை இல்லாமல் அவன் வெளியே வருவதில்லை. அந்தப் பதினான்கில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

"மிரர்லெஸ்தான் லோகா. கண்ண மூடிக்கிட்டு எடு."

"கண்ண மூடிக்கிட்டா?"

"அட, வாங்கறத சொல்றேன்லா. இதுக்குள்ள கண்ணாடி கிடையாது. வெளிச்சம் நேரா சென்சாருக்குப் போவுது."

"கண்ணாடி இல்லாதது நல்லதாண்ணே?"

"இல்லாததுதான் நல்லது."

"எங்க கம்பெனி மகேந்திரன் கேமராலயும் கண்ணாடி இல்லன்னு சொன்னானே?"

சத்தியசீலன் ஒரு பையைத் திறந்தான். மூடினான். "அது வேற மாதிரி இல்லாதது" என்றான்.

மகேந்திரன் அவள் தொழிற்சாலையில் லைன் லீடர். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரை எடுத்துக்கொண்டு இருவாச்சிப் பறவையைத் தேடிக் காட்டோரம் போகிறவன். அவனுடையது சூப்பர்ஜூம். லென்ஸைக் கழற்ற முடியாது, பொத்தானை அமுக்கினால் அது நீண்டுகொண்டே போகும். தொழிற்சாலை கேன்டீனில், சாப்பாட்டு நேரத்தில், அவன் நிலாவின் படத்தைக் காட்டினான்.

"குழி தெரியுது பாருங்கக்கா. நிலாவுல இருக்கற குழி!"

"எங்கம்மா நம்ம கோயில் குழியிலதானே எறங்கறாங்க."

"அவ்ளோ தூரத்துல இருக்கற நிலாவே தெரியுது. அம்மா தெரிய மாட்டாங்களா?"

"நிலாவுக்கு முன்னால நம்ம தலைவரு நிக்கலியே."

மகேந்திரன் இதை யோசிக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. மிரர்லெஸ்காரர்கள் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு லென்ஸ் வாங்கி, கடைசியில் லென்ஸ் சுமக்க ஒரு காரும் வாங்குவார்கள் என்றான். இதைக் கேள்விப்பட்ட சத்தியசீலன், சூப்பர்ஜூமின் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவுதான், இருட்டினால் அதற்கு மாலைக்கண் என்றான். லோகேஸ்வரி இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். காலையில் படித்தால் மிரர்லெஸ் நல்லதாகத் தெரிந்தது. மாலையில் படித்தால் சூப்பர்ஜூம். அடுத்த நாள் தாளே புரியவில்லை.

கடைசியில், வாங்கவே வேண்டாம், இருவரும் தங்கள் கேமராவைத் திருவிழாவுக்குக் கடன் கொடுப்பது என்று முடிவானது. எது ஜெயிக்கும் என்று பார்க்கும் ஆசை இருவருக்குமே இருந்தது.

முந்திய சனிக்கிழமை, மணி ஏழு ஆகும்போது, கோயில் திடலில் ஒத்திகை வைத்தார்கள். தீமிதியும் அதே நேரம்தான். செம்பனை மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் வெட்டாத குழியின் இடத்தில் தாயம்மா நடந்தாள். ஒரு தடவை மிரர்லெஸ்ஸுக்கு, ஒரு தடவை சூப்பர்ஜூமுக்கு. மகேந்திரன் ஒவ்வொரு தடவையும், "அம்மா, இங்க! பெரிய லென்ஸ பாருங்க!" என்று கத்தினான். பதினோராவது நடையில் தாயம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"நெருப்புல நடந்தாக்கூட இந்தக் கால் வலி வராதுடா."

முடிவு தெளிவாகவே இருந்தது. மூன்றடி தூரத்திலிருந்து எடுத்தால் மிரர்லெஸ் தாயம்மாவின் இமை முடியைக்கூட எண்ணிக் காட்டியது. கயிற்றுக்கு வெளியே போய் எடுத்தால் தாயம்மா கட்டைவிரல் அளவு. சூப்பர்ஜூம் கயிற்றுக்கு வெளியிலிருந்தே அவள் முகத்தைப் படம் முழுக்க நிரப்பியது. ஆனால் வெளிச்சம் குறையக் குறைய லென்ஸ் முன்னும் பின்னும் போய் அவளைத் தேடியது. கிடைத்த முகம் ரவையில் வரைந்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் லோகேஸ்வரிக்கு விஷயம் விளங்கியது. குழியைச் சுற்றி ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்குள் தலைவர், செயலாளர், ஆலோசகர்கள், பொன்னாடைக்குரியவர்கள். வெளியே ஜனங்கள். மிரர்லெஸ் உள்ளே நிற்கிறவர்களுடைய கேமரா, சூப்பர்ஜூம் வெளியே நிற்கிறவர்களுடையது. இதை எந்த விளம்பரத்திலும் போடவில்லை.

இரண்டு கேமராவையும் இரண்டு கேமராக்காரர்களையும் அழைத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். ராமகிருஷ்ணன் சுங்கை காடுட்டில் லாரி வைத்து நடத்துகிறவர். கோயிலுக்கு ஒன்பது வருடமாகத் தலைவர். அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை, அவர் முன்னால் நிற்க இடம் இருந்ததில்லை.

"தலைவரே, கயிறுக்குள்ள நின்னு படம் எடுக்கணும். அம்மாவுக்குக் கடைசி வருஷம்."

தலைவர் மேசையில் இருந்த கேமராக்களைப் பார்த்தார். சூப்பர்ஜூமின் பொத்தானை அமுக்கினார். லென்ஸ் ஒரு முழம் நீண்டு அவர் மூக்கருகே வந்து நின்றது.

"அடேங்கப்பா! பெஸார் சாமான்லா இது! எம்மாம் பெரிசு! டிவிக்காரன் வெச்சிருக்கறது." பிறகு மிரர்லெஸ்ஸை ஒரு விரலால் நகர்த்தினார். "இது என்னா, பிள்ளைங்களுக்கு வெளயாடவா?"

சத்தியசீலனின் பதினான்கு பைகளும் ஒரே நேரத்தில் வாடின.

"பெரிசுல வயிறு தெரியுமாம்மா?" என்று தலைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மூஞ்சிய மட்டும் இழுத்து எடுக்கலாம் தலைவரே."

லோகேஸ்வரிக்குக் கயிற்றுக்குள் நிற்கச் சிவப்பு ரிப்பன் பேட்ஜ் ஒன்று கிடைத்தது.

திருவிழாவன்று அவள் கழுத்தில் இரண்டு கேமராவும் தொங்கின. குழி தணலாகி, வாத்தியம் உச்சத்துக்குப் போனபோது ஒரு புதுச் சங்கடம். பெரிய கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் தலைவர் வந்தார். தலைவர் வந்த பக்கம் நிர்வாகக் குழு வந்தது. எட்டுப் பேரும் ஒரே நிற டீ-சட்டை. அவள் குழியைப் பார்த்தால் குழிக்கு முன்னால் எட்டுச் சட்டை. தணலைத் தாண்டியதும் கால் நனைக்கும் பால்குழியைப் பார்த்தால் அங்கேயும் எட்டுச் சட்டை. வானத்தைக் காட்டினாள். எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள்.

அவள் கயிற்றோரம் ஓடி, வெளியே நின்ற மகேந்திரனின் கையில் பெரிய கேமராவைத் திணித்தாள்.

"வலது பக்கம் ஓடு. லென்ஸ முழுசா நீட்டி தலைவரு மேலயே வெச்சிக்கிட்டு இரு."

"அம்மாவ எடுக்க வேணாமாக்கா?"

"தலைவர நகத்துடா மொதல்ல!"

மகேந்திரன் ஓடினான். லென்ஸ் நீண்டது. நிர்வாகக் குழு மொத்தமும் வலது பக்கம் பெயர்ந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, குழிக்கும் லோகேஸ்வரிக்கும் நடுவில் யாருமே இல்லை. அவள் பால்குழி அருகில் மண்டியிட்டு மிரர்லெஸ்ஸை உயர்த்தினாள்.

தாயம்மா கரகத்தோடு இறங்கினாள். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில், ஒத்திகையில் மகேந்திரன் தடவைக்குத் தடவை கத்தியது ஞாபகம் வந்ததோ என்னவோ, தணல் மேல் நடந்துகொண்டே தலையைத் திருப்பிப் பெரிய லென்ஸைப் பார்த்தாள். பால்குழி வரைக்கும் திருப்பிய தலையை நேராக்கவேயில்லை.

லோகேஸ்வரி எட்டுப் படம் எடுத்திருந்தாள். எட்டும் பளிச்சென்று இருந்தன. மஞ்சள் காய்ந்து வெடித்த கோடு, தோட்டில் விழுந்த நெருப்பின் நிறம், கழுத்தில் இறங்கும் ஒரு வியர்வைத் துளி. முகம் மட்டும் இல்லை. எட்டிலும் காது.

மகேந்திரன் எடுத்த நூற்றுச் சொச்சத்தில் ஒன்றில் தாயம்மா இருந்தாள். நேராகப் பார்க்கும் முகம், திறந்த வாய், கரகம். படம் முழுக்க ரவை. பாதிப் படம் தலைவர். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதுபோல் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். கேமரா அவர் பல்லை மட்டும் தெளிவாகப் பிடித்திருந்தது.

மறுநாள் தாயம்மா வீட்டில் கேமராக்காரர்கள் இருவருக்கும் சண்டை.

"தரம் பாருடா! வேர்வைத் துளில நெருப்பு தெரியுது. உன் டப்பால வருமா?"

"எங்கிட்ட மூஞ்சி இருக்குண்ணே. உங்ககிட்ட இருக்கா?"

"சூப்பர்ஜூம் ஜெயிச்சிருச்சுங்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அம்மா சொல்லட்டும்."

லோகேஸ்வரி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு நொடியில் பிரிக்க முடியவில்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் இரண்டுமே குப்பைத் தட்டுக்குப் போகும்.

தாயம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "காத மாட்டி வெச்சா எவ கும்பிடுவா?" என்று எட்டையும் தள்ளிவிட்டாள். ரவைப் படத்தில் விரலை வைத்தாள். "இதான் நான். இவர வெட்டிரு."

லோகேஸ்வரி வெட்டினாள். தலைவரின் சிரிப்பு போனது, வயிறு போனது, டீ-சட்டை போனது. தூக்கிய கை மட்டும் போகவில்லை. அதை வெட்டினால் கரகமும் போய்விடும். அம்மாவின் தலைக்குப் பக்கத்தில், வெறும் காற்றிலிருந்து முளைத்ததுபோல், ஒரு கை நின்றது.

லோபாக்கில் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் பையன் கேட்டான். "இந்தக் கைய கம்ப்யூட்டர்ல அழிச்சிரட்டுமாம்மா? ரெண்டு நிமிஷம்தான்."

லோகேஸ்வரி சரி என்று சொல்ல வாயெடுத்தாள். தாயம்மா அவள் தோளை அமுக்கினாள்.

"வேணாம் தம்பி. அதையும் எடுத்துட்டா இது எந்தக் கோயிலுன்னு யாருக்குத் தெரியும்?"