கல்லட்டி இறக்கம்

மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாத கணவன், சனிக்கிழமை காலையில் இரண்டு முழம் மல்லிகையும் திருப்பூர் பேக்கரிப் பெட்டியுமாக வாசலில் வந்து நின்றால் எந்தப் பெண்ணுக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். கோகிலவாணிக்குக் குழப்பத்தோடு கொஞ்சம் பயமும் இருந்தது.

சண்டை நிலத்தைப் பற்றியது. கோத்தகிரிக்குப் பக்கத்தில், அப்பா உயிரோடு இருக்கும்போதே அவள் பெயருக்கு எழுதிவைத்த தேயிலைத் தோட்டம். ஓரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு சின்ன வீடு. அதை ரிசார்ட் கட்டுகிறவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று பாண்டியராஜ் ஒற்றைக் காலில் நின்றான். அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அவன் கை நீட்டினான். அன்றைக்கே திருப்பூரிலிருந்து பஸ் ஏறிக் கோத்தகிரிக்கு வந்தவள், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த ஃபேக்டரி வேலையிலேயே திரும்பச் சேர்ந்துகொண்டாள்.

இப்போது அவன் வேறு ஆளாகப் பேசினான். நிலத்தைப் பற்றி இனி மூச்சு விடமாட்டேன் என்றான். கல்யாணமான புதிதில் போகலாம் போகலாம் என்று சொல்லிப் போகாமலே விட்ட பயணத்தை இன்றைக்குப் போய்விடலாம் என்றான். ஊட்டி போய், தலைக்குந்தா தாண்டி, கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பழைய மைசூர்ப் பாதை. வெள்ளைக்காரர்கள் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் மலையேறி வந்த வழி.

"மாமா சிரிக்கறதப் பாத்தா பல்லு புடுங்கப் போறவரு மாதிரி இருக்குதுக்கா" என்று தங்கை ராஜப்ரியா சமையலறையில் காதைக் கடித்தாள். கோகிலா அவளை அதட்டினாள். ஆனாலும் மல்லிகையைத் தலையில் வைக்கும்போது கை தயங்கியது.

அவனுடைய புதுக் கார் வாசலில் பளபளவென்று நின்றது. அதில் போகவில்லை. கல்லட்டியில் கீழே இறங்க உள்ளூர் நம்பர் வண்டிகளைத்தான் விடுவார்கள், உன் வண்டியையே எடுத்துக்கலாம் என்றான். அது நியாயம்தான். சமவெளிக்காரர்கள் அந்த இறக்கத்தில் விழுந்து விழுந்துதான் அப்படி ஒரு கட்டுப்பாடே வந்தது. வழக்கம்போல அவனே ஸ்டீயரிங்கைப் பிடித்தான். வண்டி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கோத்தகிரியில் நிற்கும் அவளுடைய பழைய கார் என்றாலும், அவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் ஓட்டியதே கிடையாது. ஆம்பளை உட்கார்ந்திருக்கப் பொம்பளை ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்பது அவனுடைய சட்டம்.

ஊட்டியில் சாப்பிட நிறுத்தினார்கள். அவள் மட்டும்தான் சாப்பிட்டாள். அவன் காபியை ஆறவிட்டு, ஜன்னல் வழியாக மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை வருமா என்று சர்வரிடம் கேட்டான். வந்தால் நல்லதா கெட்டதா என்று முகத்தில் தெரியவில்லை.

தலைக்குந்தா செக்போஸ்டில் போலீஸ்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார். அதற்குப் பிறகு கற்பூர மரங்கள் என்று அங்கே சொல்லும் யூகலிப்டஸ்கள் இரண்டு பக்கமும் நெருங்கின. வெயில் இருந்தும் இருட்டியதுபோல் இருந்தது. சாலை தலைகுப்புற விழ ஆரம்பித்தது. ஒரு வளைவில், கீழே உண்ணிச்செடிப் புதரில் என்றைக்கோ விழுந்த வேன் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் கூரையில் ஒரு குரங்கு உட்கார்ந்து இவர்களைப் பார்த்தது.

சில வளைவுகள் தாண்டியதும் பாண்டியராஜ் வண்டியை ஓரம் கட்டினான். சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறதாம். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தடியில் குனிந்தான். பிறகு அந்தப் பக்கம் போய் அங்கேயும் குனிந்தான். எழுந்து பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவினான். ஒரு தடவை கழுவியது போதாமல் மறுபடியும் சுத்தமாகக் கழுவினான்.

"கோகிலா, நீ ஓட்டேன்" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வீடியோ எடுக்கலாம்னுதான். இப்படியே ஒரு குதிரைப் பாதை குறுக்கால இறங்குது பாரு. நான் அதுல முன்னாடி போயி நிக்கறேன். நீ வளைஞ்சு வளைஞ்சு வர்றத எடுத்தா சினிமா கணக்கா இருக்கும்."

"உங்களுக்கு நான் ஓட்டறதே புடிக்காதே?"

"அதெல்லாம் அப்போ. உன் போனைக் குடு, அதுலதான் கேமரா நல்லா இருக்குது."

கொடுத்தாள். அவன் கிளம்பியவன் நின்று, ஜன்னலில் குனிந்து அவள் தோளைத் தொட்டான். சீட் பெல்ட் வேண்டாம், பெல்ட் போட்டால் வீடியோவில் புடவை தெரியாது என்றான். மெதுவாக ஓட்டினால் வீடியோ நன்றாக இராது, கொஞ்சம் வேகமாகவே வா என்றும் சொன்னான். அப்புறம் குதிரைப் பாதையில் இறங்கி மறைந்தான்.

சுற்றிலும் சத்தமே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் கை நீட்டியவன் இன்று ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுப் போகிறான். திருந்திவிட்டான் என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். மனசு ஒப்பவில்லை. முதல் வேலையாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

கோகிலா ஃபேக்டரியில் பார்ப்பது பச்சைத் தேயிலை எடுக்கும் வேலை. சின்னச் சின்னத் தோட்டங்களில் நனைந்த இலை மூட்டைகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு, ஆடு இறங்கத் தயங்கும் சரிவுகளில் இறங்கி வரவேண்டும். அந்த வேலையில் இருப்பவர்கள் யாரும் இறக்கத்தில் பிரேக்கைத் தொடமாட்டார்கள். தொட்டுத் தொட்டு வந்தால் பாதி மலையிலேயே பிரேக் காய்ந்து கருகும். ஃபர்ஸ்ட் கியரைப் போட்டுவிட்டுக் காலைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இதே விஷயம் இந்தப் பாதை நெடுகப் போர்டாகவும் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் படிப்பதோடு சரி. அவளுக்கோ அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, நடக்கிற மாதிரி.

கிளட்சை மிதித்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாள். வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. ஒரு வளைவு. ஹாரன் அடித்துத் திரும்பினாள். அடுத்த வளைவு. எதிரே எதுவும் வரவில்லை. மூன்றாவது வளைவில் பாண்டியராஜ் தெரிந்தான்.

மலைப் பக்கம், சாலைக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்றிருந்தான். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தான். போன் அவளைப் பார்க்கவில்லை. அவள் வருகிற சாலையையும் பார்க்கவில்லை. வளைவின் வெளி ஓரத்தில் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது. அந்த இடைவெளியையும் அதற்கப்பால் இருந்த வெறும் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஊர்ந்து வந்து திரும்பினாள். போன் அந்த இடைவெளியிலேயே நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்தது.

அவனை ஏற்றிக்கொள்ள நிறுத்தலாம் என்று பிரேக்கில் கால் வைத்தாள். மிதி ஓசையில்லாமல் தரை வரைக்கும் போயிற்று. காலை எடுத்து மறுபடியும் மிதித்தாள். ஈர மண்ணை மிதித்ததுபோல் இருந்தது.

கை தன் வேலையைச் செய்தது. ஸ்டீயரிங்கை மலைப் பக்கம் ஒடித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். பம்பர் மண் சரிவில் போய் முட்டியது. எஞ்சின் ஒரு உதறு உதறி அணைந்தது.

பாண்டியராஜ் பாறையிலிருந்து இறங்கி ஓடிவந்தான். அவன் முகத்தில் பதற்றம் இருந்தது. மனைவி பிழைத்த பதற்றமாக அது தெரியவில்லை.

"வர்ற வழியில பிரேக்கே போடலியா நீ?" என்றான்.

பிரேக்கைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. இப்போதும் சொல்லக் கூடாது என்று தோன்றியது. ஆள் இல்லாத மலை. போன் அவன் கையில். உடைந்த சுவர் பத்தடியில். கதவைத் திறந்து, கார் தனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கும்படி சுற்றிவந்து நின்றுகொண்டாள்.

"காலு நடுங்குதுங்க. இதுக்கு மேல நீங்க ஓட்டுங்க."

அவன் டிரைவர் சீட்டைப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் எடுக்கணும் கோகிலா. நீயே ஓட்டு."

"வீடியோ போதும். வாங்க, வந்து ஒக்காருங்க."

"எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு."

"அப்படின்னா நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல ஒக்காருங்க."

அவன் உட்காரவில்லை. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். "நீ போ. நான் குறுக்கால நடந்தே வந்துடறேன்."

அவள் அவனையே பார்த்தாள். நாலு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்ட முகம். அவள் எதைக் கண்டுபிடித்தாள் என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. காரைச் சுற்றி ஒரு அடி எடுத்து வைத்தான். அவளும் ஒரு அடி நகர்ந்தாள். இன்னொரு அடி வைத்தான். உடைந்த சுவர் இப்போது அவளுக்குப் பின்னால் இருந்தது.

கீழே எங்கோ ஹாரன் கேட்டது. முனகிக்கொண்டு ஏறும் எஞ்சின் சத்தம் நெருங்கியது. பாண்டியராஜ் நின்றான். மசினகுடியிலிருந்து ஆள் ஏற்றி வரும் ஜீப் ஒன்று வளைவில் திரும்பியது. அவள் கையை விரித்துக்கொண்டு நடுச்சாலைக்கு ஓடினாள்.

ஏறும் வண்டியை மறிப்பது அந்த மலையில் பெரிய குற்றம். டிரைவர் கோபமாகத்தான் தலையை நீட்டினான். பின்னால் சந்தைக் கூடைகளோடு நாலைந்து பெண்கள். கோகிலா தன்னை ஊட்டிவரை ஏற்றிக்கொள்ளும்படி கேட்டாள். அதற்குள் பாண்டியராஜ் சிரித்த முகத்தோடு வந்துவிட்டான். புருஷன் பெண்டாட்டி சண்டை, நீங்க போங்க தம்பி என்றான். டிரைவர் தயங்கினான். குடும்ப விஷயத்தில் தலையிட யாருக்கு ஆசை? கியரில் கை வைத்தான்.

"அண்ணா, ஒண்ணு மட்டும் செய்யுங்க" என்றாள் கோகிலா. "அந்தக் காரை இவரை ஒரு வளைவு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஓட்டிட்டாருன்னா நான் இவரு கூடவே போயிக்கறேன்."

ஷிஜோ என்ற அந்த மலையாளி டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அதுக்கென்ன சார், ஓட்டிக் காட்டுங்க. சேச்சிக்கு சமாதானம் ஆகட்டும்."

ஜீப்பில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பாண்டியராஜையே பார்த்தார்கள். சாவி காரிலேயே தொங்கியது. அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த வயதான பெண் ஒருத்தி கூடையை மடியில் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் கோகிலாவுக்கு இடம் விட்டாள்.

ஜீப் ஏறத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் காரிலிருந்து தள்ளி, சாலை நடுவில் நின்றிருந்தான். மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. மூடுபனி கற்பூர மரங்களுக்குள்ளிருந்து இறங்கி அவனை இடுப்புவரை மூடியது. அடுத்த வளைவில் அவன் மறைந்தான்.

செக்போஸ்டில் அதே போலீஸ்காரர்தான் இருந்தார். என்னம்மா, வண்டி எங்கே என்று கேட்டார். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நிலத்திலிருந்தா, மல்லிகையிலிருந்தா? ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடியே பேசினாள்.

"கீழ வளைவுல நிக்குதுங்க சார். யாரும் அதை எடுத்துடாமப் பாத்துக்கங்க. அதுல பிரேக் இல்லீங்க. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே என் வீட்டுக்காரருக்கு அது தெரிஞ்சிருக்குது."