மொட்டைமாடிக்குப் போன டம்ளர்

காலையில் பூக்கள் விரியவே இல்லை.

பூக்கள் என்று செங்குட்டுவன்தான் சொல்வான். உண்மையில் அவை பவளத்துக்கு உறவான சின்ன உயிர்கள். ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், பச்சையும் ஆரஞ்சுமாகப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்கைப் போட்டதும் விரியும். சில வாரமாக மதியத்துக்கு மேல்தான் அரைகுறையாகத் திறந்தன. கண்ணாடியில் பாசி மேயும் நத்தைகளும் பிடி விட்டு மணலில் மல்லாந்து கிடந்தன. அவற்றின் ஓட்டு நுனி அரித்து வெளுத்திருந்தது.

தண்ணீரில் உப்பு சரியாக இருந்தது. சூடும் சரி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா துளியும் இல்லை. புளிப்பு கூடக் கூடக் குறையும் எண்ணான பி.எச். மட்டும் இடித்தது. கடலில் அது எட்டுக்குச் சற்று மேலே நிற்கும். இந்தத் தொட்டியில் சாயங்காலம் எட்டைத் தொட்டு, காலைக்குள் ஏழே முக்காலுக்கு இறங்கிவிடும். கேட்டால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அந்த அளவில் நத்தை ஓடு கட்டுவது கடினமாகிறது. கட்டிய ஓடும் மெல்லக் கரைய ஆரம்பிக்கிறது.

ராயபுரத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ரஷீது போனில் சொன்னான்: "பி.எச். ஏத்துற பவுடர் போடு மாமு, ஏறிக்கும்."

பவுடர் போட்டதும் ஏறியது. விடிந்ததும் பழையபடி இறங்கிக் கிடந்தது.

மறுபடி போன் செய்தபோது ரஷீது சொன்னான்: "அப்ப என்கிட்டயே குடுத்துரு. ஞாயித்துக்கிழம பக்கெட்டோட வரேன். ஒண்ணு ரெண்டாவது பொழைக்கும்."

செங்குட்டுவன் போனை வைத்தான். விம்கோ நகர் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவன். நுரையீரல் கெட்டு வேலை போனது. எர்ணாவூரில் அவன் வீடு மூன்றாவது மாடி. ஒரு முறை இறங்கி ஏறினால் அன்று முழுக்க இளைக்கும். அவன் கைக்கு மிச்சமிருந்த ஒரே வேலை இந்த இரண்டடித் தொட்டிதான். "எதிர்க்கவே கடல் கீது, இவரு பாக்கெட்டு உப்பக் கலக்கி தனியா ஒரு கடல் பண்றாரு" என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் சிரிப்பாள். பக்கத்து முகத்துவாரத்திலிருந்து அந்தக் கடலில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் கலக்கும், இந்த உயிர்கள் தாங்காது என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.

போன மாதம் மேற்கே இருக்கும் தொழிற்சாலைகளிலிருந்து காற்றில் கண்ணெரியும் வாடை வந்தது. அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்த அன்றே அவன் மனைவி மதி ஜன்னல்களை பிளாஸ்டிக் தாள் வைத்து டேப் ஒட்டி அடைத்தாள். படுக்கும்போது கதவின் அடியிலும் ஈரத்துண்டு வைப்பாள். அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

வியாழக்கிழமை இரவு கரண்ட் போனது. ஃபேன் நின்று வெந்துபோகவே, மதி துண்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். தொட்டியின் காற்று பம்ப் மட்டும் பேட்டரியில் ஓடியது. மோட்டாரும் விளக்கும் இல்லாத அந்த இரவுக்குப் பிறகு எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்து எழுந்தவன், கரண்ட் வந்து விளக்கு எரிந்ததும் பூக்கள் முழுசாக விரிந்திருப்பதைப் பார்த்தான். நெஞ்சில் லேசாக விசில் சத்தம். ஆனால் எழும்போதெல்லாம் இடிக்கும் தலைவலி அன்று இல்லை.

இரவெல்லாம் கதவு திறந்திருந்தது அவனுக்கு உறைத்தது. அன்றிரவு கதவை அடைத்துப் படுத்து, மறுநாள் காலை பி.எச். பழையபடி இறங்கியிருந்ததும், இரண்டு டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பேட்டரி பம்பைப் போட்டுக் குமிழ் விட்டான். ஒன்றை அலமாரியில் வைத்து, இன்னொன்றை மதியிடம் நீட்டினான்.

"இத மொட்டமாடில கொஞ்ச நேரம் வெச்சு எடுத்துனு வா."

"இன்னா மாமா இது, டம்ளருக்கு காத்து வாங்கவா? மேல பட்டம்மாக்கா துணி காயப் போட்டுகினு கீது. கேட்டா இன்னா சொல்ல?"

"தண்ணிக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்லு."

காத்திருந்து எடுத்து வந்தாள். "வெயில் காட்னா டம்ளர் வளருமான்னு கேக்குது அது."

அவன் சிரிக்கவில்லை. பி.எச். மீட்டரை அலமாரி டம்ளரில் விட்டான்: ஏழே முக்கால். மாடி டம்ளரில் விட்டான்: எட்டுக்கு மேல்.

"ரெண்டும் ஒரே தண்ணி. காத்துதான் வேற" என்றான். "நாம வுடற மூச்சு வெளிய போக வழியில்லாம இங்கியே நிக்குது. பம்ப் அத இழுத்து தண்ணில ஊதுது. சோடால அடைக்கிறதும் அதே கேஸுதான். கரைஞ்சா தண்ணி புளிக்கும். அதான் பவுடர் நிக்கல."

மதி ஜன்னலைப் பார்த்தாள். "அதத்தான் நீயும் ராத்திரியெல்லாம் இழுத்துகினு கீற."

அவன் மீட்டரைத் துடைத்து வைத்தான்.

"நாந்தான அடைச்சேன்." கட்டிலில் உட்கார்ந்தாள். "அதுக்குன்னு தொறக்க மாட்டேன். மறுபடி உன்ன தூக்கினு மூணு மாடி எறங்க என்னால ஆவாது. உன்னிதே பெரும்பாடு, இதுல நத்தைக்கு வேற பாக்கணுமா?"

"சும்மா தொறக்க வேணாம்."

தொட்டியின் வடிகட்டியில் போடும் கரித்துண்டுகளை எடுத்துக் காட்டினான். கண்ணுக்குத் தெரியாத கோடித் துளைகள் கொண்ட கரி. தண்ணீரின் மஞ்சளையும் நாற்றத்தையும் தன்னிடம் ஒட்டவைத்துக்கொள்ளும். காற்றிலும் அதே வேலையைச் செய்யும். ஜன்னலில் ஒரு சட்டம் கட்டி, அதில் கரியை வைத்து, ஒரு ஃபேனால் வெளிக்காற்றை அதன் வழியே இழுக்கலாம் என்றான்.

"எல்லா வாடையும் புடிக்குமா?"

"புடிக்காது. கண்ணெரியற அன்னிக்கு நிறுத்திட்டு மூடித்தான் ஆவணும்."

மதி எழுந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தொழிற்சாலைகளுக்கு எதிர்ப்புறமாகக் கடலைப் பார்த்திருக்கும் ஜன்னலின் டேப்பைத் தானே கிழித்தாள். மேற்கு ஜன்னலைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த ரஷீது காலி பக்கெட்டோடு திரும்பினான்.

இப்போது கடல் பக்க ஜன்னலில் ஒரு மரச்சட்டம் இருக்கிறது. அதில் இரண்டு வலைகளுக்கு நடுவே கரி. பின்னால் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. உள்ளே நின்ற காற்று வெளியேறச் சமையல் மூலையின் காற்றுத் துளை இரண்டு விரல் அளவு திறந்திருக்கிறது. காலையில் பி.எச். எட்டுக்குக் கீழே இறங்குவதில்லை.