சலவைக்காரி வரும் இரண்டு பக்கங்கள்

சிகாகோ இருபத்தாறாம் தெருவில் ஒஃபேலியா நடத்தும் சலவைக்கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரு வாரமாக அவளைக் கேலி செய்தார்கள். நாவலில் வந்துவிட்டாளாம். இனி அவளைப் பார்க்கவே டோக்கன் வாங்க வேண்டுமா என்று கேட்டார் ரொட்டிக்கடைக்காரர்.

எழுதியவன் எஃப்ராயின். அதே தெருவில் வளர்ந்து, ரவுடிக் கும்பலோடு திரிந்து, பிறகு எப்படியோ படித்து ஆளானவன். கும்பல் சண்டைகளைப் பற்றிய அந்தத் தடித்த புத்தகத்தில், இடது கையில் தீக்காயத் தழும்புள்ள சலவைக்காரி ஒருத்தி இரண்டே பக்கம் வருகிறாள். உயிருக்குப் பயந்து ஓடிவரும் பையனைத் துணி மூட்டைகளுக்குள் ஒளித்துவிட்டு, துப்பாக்கியோடு துரத்தி வந்தவனைப் பின்சந்துப் பக்கம் கைகாட்டி அனுப்புகிறாள். சந்தில் போலீஸ். வந்தவன் அங்கேயே சுடப்பட்டுச் சாகிறான்.

அக்காள் மகள் அதை வாசித்துக் காட்டியபோது ஒஃபேலியா தழும்புள்ள தன் இடது கையைத் துணியால் மூடிக்கொண்டாள். எல்லாம் நடந்தது நடந்தபடியே இருந்தது. ஒளிந்திருந்தவன் எஃப்ராயின்தான். செத்தவன் எதிர்க்கும்பலைச் சேர்ந்த தாவோவின் தம்பி நபோர். கைகாட்டியது யாரென்று இத்தனை வருஷம் எஃப்ராயினைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தாவோ இப்போதுதான் சிறையிலிருந்து வந்திருந்தான்.

எஃப்ராயினைப் போனில் பிடித்தாள். அது வெறும் கதைதானே அத்தை, பேரைக்கூட மாற்றிவிட்டேனே என்றான்.

"பேர மாத்தின. கைய மாத்தலையே."

வியாழக்கிழமை மதியம் தாவோ வந்தான். துவைக்கத் துணி இல்லை, கையில் புத்தகம்தான் இருந்தது. மற்றவர்கள் ஈரத்துணியையே அள்ளிக்கொண்டு நழுவினார்கள்.

"டோன்யா ஒஃபேலியா" என்று மரியாதையாகவே ஆரம்பித்தான். "உங்களுக்கு ரெண்டு பக்கம் குடுத்திருக்கான். என் தம்பிக்கு ஒரு வரி. பேர்கூட இல்ல. 'குண்டுப் பையன்'னு போட்டிருக்கான்."

பொய் சொல்லலாமென்று பார்த்தாள். முடியவில்லை.

"போலீஸ் நிக்குதுன்னு சத்தியமா தெரியாதுப்பா."

"என் தம்பி என்ன சொன்னான்?"

"மூச்சு வாங்கிட்டு நின்னான். தண்ணி கேட்டான், குடுத்தேன். டம்ளர மேஜைமேல வச்சிட்டுப் போனான்."

தாவோ அந்த மேஜையை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பினான்.

"இத அவன் எழுதல பாருங்க. சனிக்கிழமை லைப்ரரிக்கு வந்து புத்தகத்த வாசிக்கிறானாம். நேர்லயே கேட்டுக்கறேன்."

அதன்பிறகு எஃப்ராயின் போனை எடுக்கவே இல்லை. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, லைப்ரரி வாசலில் முன்கூட்டியே போய் நின்று, அவன் காரை மடக்கி, தாவோ வருவதைச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் காரைத் திருப்பிக்கொண்டு போனான். ஒன்றும் தெரியாதவள்போல் உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எழுத்தாளர் வரவில்லை என்று அறிவித்தார்கள். கூட்டம் கலைந்தது. தாவோ மட்டும் எழுந்து அவளிடம் வந்தான்.

"மறுபடியும் அவன ஒளிச்சிட்டீங்க. வாங்க, வீட்ல விடறேன்."

"பஸ்லயே போயிக்கறேன்பா."

"சரி" என்றான் சாதுவாக. பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றான். அவள் ஏறியதும் பின்னாலேயே அவனும் ஏறினான்.