வம்பு வயல்

அன்றைக்கும் வாய்தாதான் என்று நினைத்துக்கொண்டே போனேன். நுகர்வோர் நீதிமன்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. ஆலங்கட்டி மழை என் மக்காச்சோளத்தைத் தரையோடு தரையாக அடித்துப் போட்டது. ஒழுங்காகப் பயிர்க் காப்பீடு கட்டியவள் நான். கம்பெனியோ வாய் கூசாமல் சொன்னது: "இந்த வயலுக்கு இழப்பீட்டை ஏற்கெனவே குத்தகைதாரருக்குக் கொடுத்தாச்சு."

குத்தகைதாரரா? என் வயலை உழுவதே நான்தான்! எந்தப் பாவியோ என் கையெழுத்தைப் போட்டுக் குத்தகைப் பத்திரம் தயார் பண்ணியிருக்கிறான். அந்தக் குத்தகைதாரரைத் தேடிப் போனால், அந்த விலாசத்தில் அப்படி ஓர் ஆளே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. பணம் வந்தால்தான் பேங்க் கடன் அடையும். இல்லாவிட்டால் வயல் ஏலத்துக்குப் போய்விடும்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணன்தான் என்னைப் பைக்கில் கூட்டி வந்தார். தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்.

"விட்டுத் தொலைம்மா. வெளியாள் ஏலத்துல எடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்டயே குடுத்துடு. குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்."

"பணம் வரட்டும்ணே. எங்கிட்டயே இருந்தாலும் குடும்பத்துக்குள்ளதான் இருக்கும்."

என் வக்கீல் சின்னப் பெண். ஆனால் விவரமானவள். "கையெழுத்து போலின்னு நிரூபிச்சா இங்க இழப்பீடு வாங்கிடலாம். போலீஸ்ல மோசடிப் புகாரும் குடுக்கலாம். ஆனா செஞ்சது யாருன்னு ஒரு பிடி கிடைக்கணும்க்கா" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

வயலைப் பார்த்துச் சேத அறிக்கை எழுதிய கம்பெனி ஏஜென்ட் அன்றைக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தான். எதற்கெடுத்தாலும் இளிக்கிற ஆள். வக்கீல் அவனை விடவில்லை.

"வயல் பக்கமே போகாம அறிக்கையில கையெழுத்துப் போட்டீங்களா?"

இளிப்பு போய்விட்டது. "யாரும்மா சொன்னது? நேர்ல போனேன். வம்பு வயல்ல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்தேன்."

நீதிபதி அம்மா நிமிர்ந்தார். "எந்த வயல்?"

"வம்பு வயல்ங்கம்மா. அப்படித்தான் சொல்லுவாங்க."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. ஊருக்கு அது கிணற்று வயல். சொத்துப் பிரிக்கும்போது நானும் அண்ணனும் அந்த ஒரு வயலுக்காக மல்லுக்கட்டியதில், கடுப்பான அப்பா வைத்த பெயர்தான் வம்பு வயல். வீட்டு வாசலைத் தாண்டாத பெயர். அப்பாவும் போய்விட்டார். இப்போது அந்தப் பெயரைச் சொல்ல நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே மூடியிருந்த பாட்டில்.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தானேம்மா சொல்றாங்க?" என்றான், மெதுவாக.

"எவன் சொல்றான்?" என்று நான் போட்ட சத்தத்தில் டவாலி "உஷ்" என்றார். உஷ்ஷாவது கிஷ்ஷாவது! இத்தனை நாள் இவன் பைக்கில் இவன் தோளைப் பிடித்துக்கொண்டா வந்தேன்?

வக்கீல் என்னிடம் குனிந்தாள். நான் சொன்னேன். அவள் அண்ணனை ஒரு தடவை பார்த்தாள்.

"அக்கா, நல்லா யோசிச்சுக்குங்க. ஒரிஜினல் பத்திரத்தைக் கொண்டு வரச் சொல்லி, கையெழுத்தைச் சோதனைக்கு அனுப்பக் கேக்கப்போறேன். போலீஸ் புகார்ல உங்க சந்தேகம் யார் மேலன்னு எழுதணும். எழுதிட்டா அப்புறம் அழுது பிரயோஜனமில்ல."

"எம்மா... ஒரே வயித்துல பொறந்தவங்கம்மா நாம" என்றான் அண்ணன்.

எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. அவன் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

"எழுதுங்க. விலாசம் தேட வேண்டாம், என் பக்கத்து வீடுதான்" என்றேன் வக்கீலிடம். "அப்படியே, எங்க ஊருக்கு அடுத்த பஸ் எப்பன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லும்மா."